செப்டம்பரிலும் 99 டிகிரி: ஃபுட்பால் ஆடும் பையனை விடுவதா, நிறுத்துவதா?

கேள்வி – ஃபிரிஸ்கோ அப்பா

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். பையனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் யாரும் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கமே போனதில்லை. இவன் ஆள் வாட்டசாட்டமாக இருப்பதைப் பார்த்து கோச் ஆஃபென்சிவ் லைனில், அதாவது எதிரணியை முட்டித் தடுக்கும் முன்வரிசையில், நிறுத்திவிட்டார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் விடிந்ததும் பயிற்சி, வெயில் ஏறுமுன் வீடு. பிரச்சினை இல்லை. பள்ளி திறந்த பிறகு அது மாலை நான்கு மணிக்கு மாறிவிட்டது. செப்டம்பர் பிறந்தும் வெயில் இறங்கியபாடில்லை. போன செவ்வாய் 99 டிகிரி ஃபாரன்ஹீட். காரிலிருந்து இறங்கும்போதே தள்ளாடினான், கராஜிலேயே வாந்தி எடுத்தான். கறுப்பு டீஷர்ட்டின் முதுகில், தோளில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை அழுத்திய இடத்தைச் சுற்றி உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது. மறுநாள் சரியாகிவிட்டான். "எல்லாருக்கும் இப்படித்தாம்ப்பா" என்கிறான்.

மனைவி நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்தினால் அவன் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டான். கோச் நல்ல மனிதர்தான். ஆனால் "வெயில் அதிகமா இருக்கே" என்றால் "டெக்சஸ் சார்" என்று சிரிப்பார். அவரிடம் சரியாக எதைக் கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் – மதுரைக்காரன்

அக்னி நட்சத்திரத்தில் பகல் முழுக்க கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள்தானே நாம்? உப்புப் போட்டு நீர்மோர் கொடுத்து அனுப்புங்கள். பழகிவிடும்.

பதில் – கேட்டி அம்மா

மதுரைக்காரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த ஒப்பீடு செல்லாது. நான் ஹூஸ்டன் பக்கம் எமர்ஜென்சி நர்ஸ். என் இரண்டு பையன்களும் இதே லைனில் ஆடி முடித்தவர்கள். கிரிக்கெட்டில் பாதி நேரம் நிற்கிறோம், மெல்லிய சட்டை, வியர்வை காற்றில் காய்ந்துவிடும். உடம்பைக் குளிர வைப்பது வியர்வை அல்ல, அது காய்வதுதான். ஹெல்மெட், தோள் பட்டை, தொடைப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டால் வியர்வை வழியும், காயாது. சூடு உள்ளேயே நிற்கும். அதிலும் லைன்மேன்கள் பருத்த உடம்புக்காரர்கள். செயற்கைப் புல் வேறு. அதில் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் துகள் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். காற்று 95 டிகிரி இருக்கும்போது தரை 150-ஐத் தாண்டுவது சாதாரணம்.

தம்பி, கோச்சைவிட முதலில் அத்லெட்டிக் டிரெய்னரை, அதாவது ஆட்டக்காரர்களின் உடல்நலத்தைக் கவனிப்பவரை, பாருங்கள். செவ்வாய்க்கிழமை வாந்தி எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், ஏடிஎச்டி (கவனக் குறைபாடு) மாத்திரை எடுத்தால், அதையும். 2001-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணியின் கோரி ஸ்டிரிங்கர் பயிற்சியில் வாந்தி எடுத்தபடியே ஆடி முடித்து, மறுநாள் விடியுமுன் இறந்தார். வயது 27, அவரும் லைன்மேன். நடந்தது வடக்கே மினசோட்டாவில், டெக்சஸில்கூட இல்லை. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிறுவனமே இருக்கிறது.

அப்புறம், "இன்று எத்தனை டிகிரி" என்று கேட்காதீர்கள். "டபிள்யூபிஜிடி (WBGT) எத்தனை, மைதானத்திலேயே அளந்தீர்களா" என்று கேளுங்கள். ஈரப்பதம், நேர் வெயில், காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 1950-களில் தெற்குக் கரோலினா பாரிஸ் ஐலண்டில் மரீன் வீரர்கள் பயிற்சியில் சுருண்டு விழுந்ததால் கண்டுபிடித்தது. போன் காட்டும் வெப்பநிலைக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான், ஈரத்துக்குப் பத்தில் ஏழு பங்கு. அதனால்தான் எங்கள் ஊர் 93 உங்கள் ஊர் 99-ஐவிட மோசமாக இருக்கும். ஜார்ஜியா மாநிலம் 2012-லிருந்து பள்ளிகளுக்கு வைத்திருக்கும் விதி: இந்த அளவு 90-ஐத் தொட்டால் ஹெல்மெட்டும் பட்டைகளும் கழற்ற வேண்டும், ஒரு மணி நேரம்தான் பயிற்சி. 92-ஐத் தாண்டினால் பயிற்சியே இல்லை. உங்கள் பள்ளி எந்த எண்ணில் நிறுத்தும் என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாமல் விழித்தால் உஷாராகுங்கள்.

இன்னொன்று, ஐஸ் தொட்டி. ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டி மைதானத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பையன் குழறிப் பேசினால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தால், வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது ஹீட் ஸ்ட்ரோக்தான். உடம்பு 104-ஐத் தாண்டிய பிறகு அரைமணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடும்போதே தொட்டியில் இறக்கிவிட வேண்டும். முதலில் குளிர வைப்பது, ஆஸ்பத்திரி பிறகு. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிழலில் படுக்க வைத்துத் துண்டு நனைத்துப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதில் – ஈகிள்ஸ் பைத்தியம்

உப்புப் போட்ட மோரைக் கிண்டல் செய்ய வேண்டாம். 2000 செப்டம்பர் 3, டெக்சஸ் ஸ்டேடியம், 109 டிகிரி. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஆட்கள் வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கி, உள்ளூர் அணியான டல்லாஸ் கௌபாய்ஸை 41-14 என்று சாத்தினார்கள். ஈகிள்ஸின் டூஸ் ஸ்டேலி மட்டும் 201 கஜம் ஓடினார். ஊறுகாய் ஜெயித்ததா ஸ்டேலி ஜெயித்தாரா என்று இன்றைக்கும் சண்டை. நான் ஸ்டேலி கட்சி.

பதில் – பேண்ட் அம்மா

மார்ச்சிங் பேண்ட் பிள்ளைகளையும் யாராவது நினைத்துப் பாருங்களேன். என் மகள் அதே வெயிலில், தார்த்தரையில், தூக்கமுடியாத சூசபோன் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். அவர்கள் பக்கம் டிரெய்னரும் இல்லை, தொட்டியும் இல்லை.

ஃபிரிஸ்கோ அப்பா (மீண்டும்)

கேட்டி அக்கா, ரொம்ப நன்றி. இன்று டிரெய்னரைப் பார்த்தேன். டபிள்யூபிஜிடி மீட்டர் இருக்கிறது, எண்ணைத் தயங்காமல் சொன்னார், மனசு கொஞ்சம் ஆறியது. தொட்டியும் இருக்கிறது, ஆனால் வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) மைதானத்தில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பயிற்சி செய்வது வாகன நிறுத்தத்தைத் தாண்டி மறுகோடியில். இவர்கள் ஆட்டமும் வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு. வெள்ளி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிற பெரிய பையன்களுக்கு வெயில் இறங்கிவிடுகிறது, சின்னப் பிள்ளைகள் நடு வெயிலில். இத்தனை நாள் இது உறைக்கவே இல்லை. இரண்டாவது தொட்டி கேட்டிருக்கிறேன், பட்ஜெட் பார்க்க வேண்டுமாம்.

கேட்டி அம்மா

பட்ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் தம்பி. ஒரு பெரிய தார்ப்பாய், இரண்டு கூலர் நிறைய ஐஸ், தண்ணீர், அவ்வளவுதான். பையனை நடுவில் படுக்க வைத்து, நாலைந்து பேர் சுற்றிலும் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, ஐஸையும் தண்ணீரையும் கொட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தலை மேலே இருக்கட்டும். தொட்டி அளவுக்கு வேகம் கிடையாது, ஆனால் உயிர் காக்கும். டிரெய்னருக்கு இது தெரிந்திருக்கும். தார்ப்பாய் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், வியாழன் ஆட்டத்துக்கு யார் கொண்டுவருவது என்று பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். பேண்ட் அம்மா, நீங்களும் ஒன்று வாங்கிவிடுங்கள்.