கஸ்டம் இயர்போன் செய்யப்போகிறேன், எனக்கு எந்த ஒலி ஒத்துவரும் என்று எப்படி முடிவு செய்வது?

பின்வரிசை:

நேராகவே கேட்டுவிடுகிறேன். காது அச்சு எடுத்துச் செய்யும் கஸ்டம் இயர்போன் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு வலது காதுத் துளை சின்னது, எந்த டிப் (காதுக்குள் போகும் மென்மையான முனை) போட்டாலும் கொஞ்ச நேரத்தில் வலிக்கும், வலிக்காத டிப் என்றால் வாயைத் திறந்ததும் நழுவும். ஆக, வாங்குவதா வேண்டாமா என்பதில் குழப்பம் இல்லை. எந்த மாடல் என்பதில்தான்.

பெண் குரலும் வயலினும் அதிகம் கேட்பேன், கூடவே அடி பேஸ் நன்றாக இறங்க வேண்டும். 'ஸ', 'ஷ' வரும் இடம் காதில் குத்தினால் அரை மணியில் கழற்றி வைத்துவிடுவேன். விமர்சனங்களைப் படித்தால் தலை சுற்றுகிறது, ஒரே மாடலை ஒருவர் பேஸ் அள்ளுகிறது என்கிறார், இன்னொருவர் பேஸே இல்லை என்கிறார். கஸ்டமை முன்கூட்டியே போட்டுப் பார்க்கவும் முடியாது, பிடிக்காமல் போனால் வேறு யார் காதுக்கும் ஆகாது. அப்புறம் இந்த டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) கணக்கு, 4, 8, 12 என்று ஏறிக்கொண்டே போகிறதே, அதிகம் என்றால் நல்லதா? கேட்பது பெரும்பாலும் வீட்டில், மொபைலில் டாங்கிள் (இயர்போனை இணைக்கும் குட்டி அடாப்டர்) செருகி.

அலைநீளம்:

விமர்சனங்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். இப்போது கையில் இருக்கும் இயர்போனும் பாராமெட்ரிக் ஈக்யூ (எந்த அலைவெண்ணை எவ்வளவு ஏற்றுவது, இறக்குவது என்று நாமே அமைக்கும் வசதி) உள்ள ஓர் ஆப்பும் இருந்தால் உங்கள் ருசி என்னவென்று அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றி இறக்கும் ஃபில்டர்) வைத்து 2, 2 டெசிபலாக ஏற்றி இறக்கிக் கேளுங்கள். பிறகு அதை அணைத்துவிட்டு 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மட்டும் ஏற்றுங்கள். இரண்டையும் எல்லோரும் பேஸ் என்றே எழுதுகிறார்கள், ஆனால் முதலாவது அதிர்வு, இரண்டாவது குரலுக்கும் வாத்தியத்துக்கும் சதை போடுவது, அது கொஞ்சம் கூடிப்போனால் பாட்டு முழுக்கப் போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடும். நீங்கள் கேட்கும் அடி பேஸ் அநேகமாக முதல் வகை. அடுத்தது 3 கிலோஹெர்ட்ஸ். திறந்த காதின் துளை அந்த இடத்தை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும், காதை அடைத்ததும் அந்த ஒத்ததிர்வு இடம் மாறிவிடும், அதனால் அங்கே ஒரு மேட்டை இயர்போன் தயாரிப்பவரே வைத்தாக வேண்டும். அந்த மேடு எவ்வளவு உயரம் என்பதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம். தாழ்ந்தால் பாடகி பின்னுக்குப் போய்விடுவார், உயர்ந்தால் கத்துவார். கடைசியாக 'ஸ' குத்துவது, அது பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். குறுகிய ஃபில்டர் ஒன்றை 3, 4 டெசிபல் இறக்கி வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள், ஓர் இடத்தில் குத்தல் அடங்கும், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலேயே செய்ய வேண்டும். ஒலி குறையக் குறையக் காது மற்றதைவிட பேஸை அதிகம் இழக்கும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். மெதுவாகக் கேட்பவருக்கு இதமாக இருக்கும் பேஸ், சத்தமாகக் கேட்பவருக்குத் தொல்லை. ஆகவே நீங்கள் படித்த இரண்டு விமர்சகர்களுமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஹார்மன் ஆய்வாளர்கள் 2019-ல் ஹெட்போன் கேட்பவர்களை ருசிப்படி பிரித்துப் பார்த்தபோது 64 சதவீதம் பேருக்கு ஹார்மன் டார்கெட் (பெரும்பாலோருக்குப் பிடிக்கும் என்று அவர்கள் வகுத்த ஒலி அளவுகோடு) பிடித்திருந்தது, 15 சதவீதம் பேருக்கு அதைவிடக் கூடுதல் பேஸ் வேண்டியிருந்தது, 21 சதவீதம் பேருக்கு அதைவிடக் குறைவாக. நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்தாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

டிரம்ஸ்காரன்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதும் ருசியை மாற்றும். இந்தப் பொருள் வளர்ந்ததே மேடையில். 1995-ல் ஜெரி ஹார்வி, வான் ஹேலன் குழுவின் டிரம்மருக்காகச் செய்து கொடுத்ததிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் என்ற இயர்போன் நிறுவனம் தொடங்கியது. இன்றைக்கும் பல கஸ்டம் மாடல்களின் ட்யூனிங் மேடைக்காரர் யாரையாவது மனதில் வைத்துத்தான் இருக்கும், 'டிரம்மர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தால் கிக் டிரம் முன்னால் வந்து நிற்கும் என்று அர்த்தம். மேடையில் எனக்கு அது வேண்டும். வீட்டில் அதையே மாட்டி ஓர் ஆல்பம் முழுசாகக் கேட்கச் சொன்னால் மாட்டேன்.

இன்னொன்று, நன்றாகப் பொருந்திய அக்ரிலிக் ஷெல் வெளிச்சத்தத்தை 25 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். வண்டிச் சத்தத்தையும் ஃபேன் சத்தத்தையும் தாண்டிக் கேட்பதற்காக பேஸை ஏற்றிப் பழகியவர்களுக்குக் கஸ்டம் போட்டதும் அவ்வளவு தேவைப்படாது. பரிசோதனையை அமைதியான அறையில் செய்யுங்கள்.

ஒலியைவிட அச்சுதான் எனக்குப் பெரிய கவலை. ஆடியாலஜிஸ்ட் முதலில் காதுக்குள் பார்த்து, அழுக்கு இருந்தால் எடுத்துவிட்டு, பஞ்சு அடைப்பை இரண்டாவது வளைவைத் தாண்டி வைத்து, அதற்கப்புறம்தான் சிலிகோனை உள்ளே விட வேண்டும். அச்சு ஆழம் குறைந்து ஷெல்லும் குட்டையாக வந்தால் உங்கள் குரலே மண்டைக்குள் முழங்கும், நடந்தால் காலடி கேட்கும். வாயைத் திறந்தால் நழுவுகிறது என்கிறீர்கள் அல்லவா, தாடை அசையும்போது துளையின் வடிவம் மாறுவதால் வருவது அது, எனவே பற்களுக்கு நடுவே கட்டை வைத்து வாய் திறந்த நிலையில் அச்சு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் எந்த நிறுவனத்தில் செய்யப்போகிறீர்களோ அவர்களுடைய அச்சு விதிமுறையைப் படித்துவிடுங்கள், ஆளுக்கு ஒன்று கேட்பார்கள்.

எதிர்க்கட்சி:

எனக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. வலிதான் பிரச்சினை என்றால் ஏற்கெனவே கேட்டுப் பிடித்துப்போன ஒரு யூனிவர்சலை (யார் காதுக்கும் பொதுவாகச் செய்த இயர்போனை) வாங்கி, உங்கள் காது அச்சில் சிலிகோன் டிப் மட்டும் செய்துகொள்ளலாமே? ஒலி என்னவென்று முன்பே தெரியும், அலுத்துப்போனால் இயர்போனை விற்கலாம், டிப்பை வைத்துக்கொள்ளலாம். முழுக் கஸ்டமை விற்க நினைத்தால் வாங்குபவர் ரீஷெல் (தன் காதுக்கேற்ற புது ஓடு) செய்தாக வேண்டும், அந்தச் செலவையும் உங்கள் விலையில்தான் கழிப்பார். டிப் மாட்டும் குழல் தடிமனாக இருக்கும் இயர்போன்கள் மட்டும் சின்னத் துளைக்கு ஒத்துவராது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை:

எல்லோருக்கும் நன்றி. ஈக்யூவில் உட்கார்ந்து பார்த்தேன். 100-க்குக் கீழே 4 டெசிபல் கூடினால் சுகமாக இருக்கிறது, 200, 300 பக்கம் தொட்டாலே எரிச்சல். 3 கிலோஹெர்ட்ஸ் இருப்பதே போதும். குத்தல் 6.5 கிலோஹெர்ட்ஸில் அடங்குகிறது, ஆனால் வலது காதில்தான் அதிகம். இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு மாடலின் யூனிவர்சல் டெமோ கேட்கக் கிடைக்கும் போலிருக்கிறது, கஸ்டமும் அப்படியேதான் ஒலிக்குமா? என்னிடம் பழைய ஹெட்போன் ஆம்ப் ஒன்று இருக்கிறது, அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் உள் மின்தடை) 10 ஓம், அதில் போடலாமா?

அலைநீளம்:

வலது காதில் மட்டும் கூடுதலாகக் குத்துகிறது என்றால் அது ட்யூனிங்காகவே இல்லாமல் இருக்கலாம். இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் நடுவே மிஞ்சும் இடத்துக்கு ஓர் ஒத்ததிர்வு உண்டு, டிப் மேலோட்டமாக உட்கார்ந்தால் அந்த இடம் நீளும், முகடு கீழே இறங்கி 'ஸ' இருக்கும் பகுதிக்கே வந்துவிடும். டிப்பைக் கொஞ்சம் ஆழமாக அழுத்திப் பாருங்கள். குத்தல் 8-ஐ நோக்கி நகர்ந்தால் குற்றவாளி பொருத்தம்தான், கஸ்டமில் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், அதற்காக ட்ரெபிள் (உயர் அலைவெண் ஒலி) மங்கிய மாடலைத் தேடிப் போகாதீர்கள். 711 கப்ளரில் (இயர்போனை அளக்கும் செயற்கைக் காதில்) எடுத்த வரைபடங்களில் 8 கிலோஹெர்ட்ஸ் அருகே தெரியும் முகடும் இதே விவகாரம், அளந்தவர் எவ்வளவு ஆழம் செருகினார் என்பதைப் பொறுத்து மாறும். வரைபடங்களை ஒப்பிடுவதென்றால் ஒரே ஆள், ஒரே கருவியில் எடுத்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

டெமோவும் கஸ்டமும் அச்சு அசலாக ஒலிக்காது. பேஸின் குணம், 3 கிலோஹெர்ட்ஸ் மேட்டின் உயரம், இவற்றை டெமோவில் நம்பலாம், டிப் சரியாக அடைத்திருந்தால். ட்ரெபிளை அதே அளவுக்கு நம்ப வேண்டாம்.

ஆம்ப் விஷயத்தில் வேண்டாம் என்பதே என் பதில். பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (காது கேட்கும் கருவிகளில் வரும் மிகச் சிறிய வகை) டிரைவர்கள் உள்ள இயர்போனின் இம்பீடன்ஸ் அலைவெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். நடு அலைவெண்களில் 40 ஓமும் ட்ரெபிளில் 8 ஓமும் உள்ள ஒன்றை உங்கள் ஆம்பில் போட்டால் ட்ரெபிள் மட்டும் தனியாகச் சுமார் 5 டெசிபல் இறங்கிவிடும், 1 ஓம் டாங்கிளில் அது 1 டெசிபலுக்குள் அடங்கும். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ட்யூனிங்கை ஆம்ப் மாற்றி எழுதிவிடும். டாங்கிளே போதும்.

டிரைவர் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். எட்டு டிரைவரைச் சரியாக இணைக்காமல் குரலைக் கூறுபோட்டவர்களும் உண்டு, ஒரே டிரைவரில் 1991-ல் வந்த எடிமோட்டிக் ஈஆர்4 இயர்போன் நியூட்ரலுக்கு (எதையும் கூட்டிக் குறைக்காத ஒலிக்கு) இன்றும் பேர்போனது. உங்கள் எண்களைப் பார்த்தால் அடியில் டைனமிக் டிரைவரும் (சாதாரண ஸ்பீக்கர் மாதிரி) மேலே ஆர்மேச்சரும் வைத்த ஹைப்ரிட் வகையில், 200 ஹெர்ட்ஸுக்கு முன்பே பேஸ் ஏற்றம் அடங்கிவிடும் மாடல் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. எதிர்க்கட்சி சொன்ன டிப் யோசனையையும் ஒதுக்காதீர்கள், அந்த டெமோவே உங்களுக்குப் பிடித்துப்போனால் நான் அந்த வழியில்தான் போவேன்.

டிரம்ஸ்காரன்:

கஸ்டமே செய்வதாக இருந்தால் வந்த அன்றைக்கே 30 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு வாயைத் திறந்து மூடுங்கள், தலையைத் திருப்புங்கள், சிரியுங்கள். டோன் நடுவே மெலிந்தால் சீல் (காற்றுப் புகாத அடைப்பு) உடைகிறது. உங்கள் வலது காதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் காலம் பல நிறுவனங்களில் 30 நாள்தான், பழகினால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தால் அது போய்விடும். ஆர்டர் கொடுக்கும் முன்பே அந்தக் கெடு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, திருத்தத்துக்குப் புது அச்சு கேட்பார்களா, அந்தச் செலவு யாருடையது, மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.