ஜார்ஜியா குடியேற்றக் காலப் பெயர்கள், தேதிகள்: சரிபார்க்க உதவி தேவை

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து முன்னோடிகள் பற்றிய தமிழ்க் குறிப்புகளைத் தொகுக்கிறோம். முதல் சிக்கல் தேதி. ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய ஓகில்தார்ப் சவானாவில் இறங்கிய நாள் பழைய ஆவணங்களில் 1732 பிப்ரவரி 1. இன்றைய கணக்கில் 1733 பிப்ரவரி 12. 1752 வரை இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது; அது இன்றைய கிரெகோரியன் கணக்கைவிட 11 நாள் பின்தங்கியிருந்தது, புத்தாண்டும் மார்ச் 25-இல்தான் பிறக்கும். 11 நாளைக் கூட்டிவிட்டு ஆண்டை மாற்ற மறந்தால், 1732 ஜூனில் அரச சாசனம் கிடைக்கும் முன்பே ஆள் கரையிறங்கியதாகிவிடும்! எனவே 1752-க்கு முந்தைய ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை மட்டும் தனியே பார்த்துத் தர யாராவது வேண்டும்.

அடுத்தது மேரி மஸ்கிரோவ். ஓகில்தார்ப்புக்கும் யமக்ரா பழங்குடித் தலைவர் டோமோச்சிச்சிக்கும் மொழிபெயர்த்தவர். கிரீக் (Creek) என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியில் அவர் பெயர் கூசபொனகீசா; மறுமணங்களுக்குப் பின் மேத்யூஸ், பாசம்வொர்த். நான்கு பெயரும் ஒரே ஆள் என்று தெரியாமல் நான்கு பதிவு போட்டுவிடுகிறார்கள். மஸ்கிரோவ் என்பதைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை அதற்குள் அடக்கலாமா? கிரீக் பெயரே முன்னால் வருவது நியாயம் என்பது நம் எண்ணம், ஆனால் தேடுகிறவர் கைக்கு அது சிக்காது.

டோமோச்சிச்சியில் ‘ச்ச’ கட்டாயம். ஒற்றைச் ‘ச’ போட்டால் ‘டோமோசிசி’ என்று வாசிப்பார்கள். கிரீக் மொழி ஒலிப்பு தெரிந்தவர்கள் கூசபொனகீசாவையும் திருத்திக் கொடுங்கள்.

ஜார்ஜியா அரசியல்வாதி பட்டன் குவின்னெட் மட்டும் தொல்லையில்லை: 1776 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார், 1777 மே மாதம் படைத் தளபதி மெக்கின்டாஷுடன் துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு இறந்தார். தேதி எல்லாம் புதுக்கணக்கு.