சந்திரயான் டெஸ்டுக்குப் போன கல்லு சேலத்து வெள்ளைக்கல்லா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

லைன்மேடு கார்த்தி:

வணக்கம்ங்க. ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாளுக்கு பொண்ணு ஸ்கூல்ல பேசப் போறா, எட்டாவது படிக்கறா, "சேலமும் சந்திரயானும்"னு தலைப்பு குடுத்திருக்காங்க. சொந்தக்காரங்க குரூப்புல வந்த ஃபார்வர்டு அத்தனையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கா, எடுத்துப் படிச்சா ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே மாட்டேங்குது. ஒண்ணுல "நம்ம மண்ணு நிலாவுக்கே போயிருச்சு"ன்னு இருக்கு. இன்னொண்ணுல மேக்னசைட் ஸ்டேஷன் தாண்டறப்ப ரயில்ல இருந்து வெள்ளை வெளேர்னு தெரியுமே அந்த சுரங்கத்து போட்டோவைப் போட்டு இதுதான் அந்தக் கல்லுன்னு எழுதியிருக்காங்க. பெரியார் யுனிவர்சிட்டி கண்டுபிடிச்சதுன்னு ஒருத்தர் சொல்றாரு, நாமக்கல்காரங்க அது எங்க ஊருக் கல்லு சேலம் எதுக்கு சொந்தம் கொண்டாடுதுன்னு கீழயே சண்டைக்கு நிக்கறாங்க. பசங்க முன்னாடி மைக் புடிச்சு தப்பா பேசிரக்கூடாது. எது உண்மை? அதைவிட, உலகத்துல இத்தனை கல்லு இருக்கறப்ப இஸ்ரோ அந்தக் கல்லைத் தேடி ஏன் வந்தாங்க? அதைத்தான் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா, எனக்கு சொல்லத் தெரியல.

கருப்பூர் மாணவன்:

கார்த்திண்ணா, நான் ஜியாலஜி படிக்கறவன், இந்தக் கேள்வியை இவ்ளோ தெளிவா யாராச்சும் கேக்கறதைப் பாக்கறப்பவே சந்தோசமா இருக்கு. முதல் விஷயம், நிலாவுக்கு இங்கிருந்து ஒரு பிடி மண்ணுகூட போகலைங்க. போனது பெங்களூருக்கு. அங்க இஸ்ரோ டெஸ்ட் சென்டர்ல நிலாத் தரை மாதிரியே ஒரு களம் போட்டு, லேண்டரோட கால் எப்படி பதியுது, ரோவர் சக்கரம் எவ்ளோ புதையுது, எங்க வழுக்குதுன்னு எல்லாம் அதுல வெச்சுதான் பாத்தாங்க. நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குதானே, அதுக்காக ரோவரை ஹீலியம் பலூன்ல கட்டி எடையைக் குறைச்சு ஓட்டியிருக்காங்க. சந்திரயான்-2க்காக ஆரம்பிச்ச வேலை இது, 3க்கும் உதவுச்சு.

வெள்ளைக்கல்லும் இல்லீங்க. அது மேக்னசைட், ஃபர்னஸ் உள்ள அடுக்கற செங்கல் செய்யப் போறது. இஸ்ரோ வாங்கினது அனார்த்தோசைட்னு வேற ஒரு பாறை. எடுத்த இடம் சித்தம்பூண்டி, குன்னமலை, ரெண்டுமே இப்ப நாமக்கல் மாவட்டம். அந்தச் சண்டைக்கும் பதில் இருக்கு. நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல. இந்தப் பாறையைப் பத்தி ஏ.பி. சுப்பிரமணியம்னு ஒரு ஜியாலஜிஸ்ட் 1956லயே பெரிய ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காரு, அதோட தலைப்புலயே "சேலம் மாவட்டம், மதராஸ் மாநிலம்"னு தான் இருக்கும். நிலாவுல மனுஷன் கால் வெக்கறதுக்கு 13 வருஷம் முன்னாடி. அதனால பாறை நாமக்கல்ல இருக்கு, அதைப் படிச்ச யுனிவர்சிட்டி சேலத்துல இருக்கு, ரெண்டு ஊரையும் பாப்பா தாராளமா சொல்லலாம்.

கண்டுபிடிச்சது யாருன்னா பெரியார் யுனிவர்சிட்டி ஜியாலஜி டிபார்ட்மென்ட், பெங்களூர்ல இருக்கற இஸ்ரோவோட சாட்டிலைட் சென்டர், திருச்சி என்.ஐ.டி. மூணு பேரும் சேர்ந்து பண்ணது. பேராசிரியர் அன்பழகனும் அவரு டீமும் அந்தப் பாறையில ஒளி பட்டுத் திரும்பற விதத்தை அளந்து, நிலாவோட மேட்டுப்பகுதியில இருந்து வர்ற ஒளியோட ஒப்பிட்டுப் பாத்தவங்க. அரைச்ச பவுடருக்கு எல்எஸ்எஸ்-ஐசாக்-1னு பேரு. பேட்டன்டுக்கு 2014ல அப்ளை பண்ணி 2020 மே மாசம் இந்தியப் பேட்டன்ட் கிடைச்சுது. பேட்டன்ட்ல இஸ்ரோ விஞ்ஞானிங்க பேரோட நம்ம யுனிவர்சிட்டி ஆளுங்க பேரும் இருக்கு. "சேலமும் சந்திரயானும்"னா முதல்ல சொல்ல வேண்டியது அதுதான்னு நான் நினைக்கறேன்.

கிரஷர் செல்வம், ஓமலூர்:

தம்பி சொன்னது எல்லாம் சரி, நான் தொழில் பக்கம் இருந்து ஒண்ணு சேர்க்கறேன். எல்லாரும் மண்ணு மண்ணுன்னு எழுதறாங்க, அது தோண்டி அள்ளுன மண்ணே கிடையாதுங்க. பாறையை உடைச்சு, கிரஷர்ல போட்டு, திரும்பத் திரும்ப அரைச்சு, சலிச்சு எடுத்த பவுடரு. சேலத்துல கிரஷர் வெச்சிருக்கறவங்கதான் அதை அரைச்சுக் குடுத்தாங்க, கூலி வாங்காம பண்ணிக் குடுத்தாங்கன்னு மயில்சாமி அண்ணாதுரை ஐயா அப்பவே பேட்டியில சொல்லியிருக்காரு. அமெரிக்காவுல இருந்து வாங்கினா கிலோ 150 டாலர்னும் சொன்னாரு. இங்கிருந்து போனது 50 டன் இருக்கும்னு பேப்பர்ல வந்துச்சு, கணக்கு போட்டுப் பாருங்க, 50 ஆயிரம் கிலோ, 75 லட்சம் டாலர்.

எதுக்கு அரைக்கணும், காவேரியில கிடக்கற மணலை அள்ளிப் போட்டா ஆகாதான்னு பாப்பாகிட்ட யாராச்சும் கேப்பாங்க. ஆகாது. ஆத்து மணல் தண்ணியில உருண்டு உருண்டு முனை மழுங்கி வந்திருக்கும், விரல்ல தேய்ச்சா வழுவழுன்னு ஓடும். எம்-சாண்டை, அதான் பாறையை அரைச்சு எடுக்கற மணலை, அதே மாதிரி தேய்ச்சுப் பாருங்க, நறநறன்னு தோலை இழுக்கும், ஒவ்வொரு துகளும் கத்தி மாதிரி முனையோட இருக்கும். நிலாவுல காத்தும் இல்ல தண்ணியும் இல்ல, முனையை மழுக்க ஆளே இல்ல, கோடிக்கணக்கான வருஷமா எரிகல்லு விழுந்து விழுந்து நொறுக்கினது அப்படியே கூரா கிடக்கு. அதனால சக்கரம் அதுல போறப்ப கிடைக்கற பிடிமானமே வேற. ஆத்து மணல்ல ஓட்டிப் பாத்துட்டு அங்க அனுப்பினா கணக்கு மொத்தமும் தப்பாயிரும்.

சைஸ் விஷயத்துலதான் நிஜமான கஷ்டம். நாங்க கட்டடத்துக்கு குடுக்கற எம்-சாண்ட் நாலே முக்கால் மில்லி வரைக்கும் இருக்கும். நிலா மண்ணு துகள் சராசரியா 70 மைக்ரான் சுமாருக்கு (ஒரு மில்லியில ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), கிட்டத்தட்ட சிமென்ட்டுக்கு பக்கத்துல போயிருது. அதுலயும் எல்லாம் ஒரே சைஸ்ல இருந்தா ஆகாது, பெருசு இவ்ளோ சின்னது இவ்ளோன்னு நிலாவுக்குப் போன அமெரிக்காவோட அப்பல்லோ ஆளுங்க கொண்டுவந்த மண்ணோட விகிதத்துக்கு ஒத்து வரணும். டஸ்ட் பறக்க பறக்க நின்னு சல்லடை மாத்தி மாத்தி வேலை பாத்தவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். கூலி வாங்காம அதைச் செஞ்சவங்களை நினைச்சா எனக்கு அவ்ளோ பெருமை.

அம்மாபேட்டை சரவணன்:

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு, கொட்டிடறேன். பெருமை எல்லாம் சரிங்க, ஆனா கல்லு தானா உண்டானது, அதுக்கு நாம என்ன பண்ணோம்? போன வருஷம் பசங்களைக் கூட்டிக்கிட்டு சித்தம்பூண்டி பக்கம் போயிருந்தேன், இதுதான் அந்தப் பாறைன்னு சொல்ற ஒரு போர்டுகூட என் கண்ணுல படல. காட்டுக்குள்ள வேலிக்கல்லா நட்டு வெச்சிருக்காங்க, வரப்பு ஓரமா குவிச்சுப் போட்டிருக்காங்க. நம்ம ஸ்கூல் எல்லாம் பெங்களூர் மைசூருன்னு டூர் போறாங்க, ஒன்றரை மணி நேரத்துல இருக்கற இந்த இடத்துக்கு ஒரு பஸ் போகக்கூடாதா? அங்க பிளாட்டினம் இருக்கான்னு தேடினாங்க, சிவப்புக் கல்லு கிடைக்குதுன்னு திருட்டுத்தனமா தோண்டறவங்க வேற. அரைச்சுத் தீத்துருவாங்களோன்னு பயமா இருக்கு.

ஏற்காடு ஜெயந்தி டீச்சர்:

சரவணன் சொல்றதை நான் முழுசா ஒத்துக்கறேன், டூர் விஷயத்தை எங்க ஸ்டாஃப் மீட்டிங்ல கண்டிப்பா பேசப் போறேன். ஆனா "கல்லு தானா உண்டானது"ங்கறதுல நிக்க வேண்டாம், அது எப்படி உண்டாச்சுங்கறதுதான் இதுல பெரிய கதையே, அதுலதான் கார்த்தி சார் பொண்ணு கேட்ட "ஏன் அந்தக் கல்லு"க்கும் பதில் இருக்கு.

நிலா பிறந்த புதுசுல அதோட மேல்பக்கம் முழுக்க உருகின பாறைக் கடலா இருந்துச்சுன்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க. அது ஆற ஆற, கனமான தாதுக்கள் கீழ இறங்க, லேசானது பால் ஆடை மாதிரி மேல மிதந்து வந்து கெட்டியாச்சு. அந்த லேசான தாதுக்குப் பேரு பிளேஜியோகிளேஸ், அதுவே பெரும்பங்கா இருக்கற பாறைதான் அனார்த்தோசைட். ராத்திரி மொட்டை மாடியில நின்னு பாத்தா நிலாவுல வெளிச்சமா தெரியுதே, அந்த மேட்டுப்பகுதி எல்லாம் அதுதான். கருப்பா திட்டுத் திட்டா தெரியறது பின்னாடி வழிஞ்ச எரிமலைக் குழம்பு.

1969ல அப்பல்லோ-11 கொண்டுவந்த மண்ணுல சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்கு இருந்துச்சு, அதை வெச்சுத்தான் இந்த யோசனையே வந்துச்சு. ஆனா அப்பல்லோ போனது எல்லாம் நிலாவோட நடுப்பகுதியை ஒட்டித்தான். தென் துருவம் பக்கம் எப்படின்னு யாரும் தரையில நின்னு அளந்து பாத்ததில்ல. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3ஓட விக்ரம் லேண்டர் இறங்கினதுக்கு அப்பறம் பிரக்யான் ரோவர் 100 மீட்டர் சுமாருக்கு ஓடி 23 இடத்துல மண்ணோட சேர்மானத்தை அளந்துச்சு, அந்த முடிவு 2024 ஆகஸ்ட்ல நேச்சர் ஜர்னல்ல வந்துச்சு. என்ன கிடைச்சுது தெரியுமா, அங்கயும் முக்கியமா அனார்த்தோசைட் வகைதான். அதாவது அந்தப் பாறைக் கடல் ஒரு பக்கம் மட்டும் இல்ல, நிலா முழுக்க இருந்திருக்கணும்ங்கறதுக்கு அது பலமான ஆதாரம். நாமக்கல் பாறையை அரைச்சு அதுல ஓட்டிப் பழகின வண்டி, அங்க போய் அதே வகைப் பாறை மேல ஓடியிருக்கு. எனக்கு அந்த நியூஸ் படிச்சப்ப உடம்பே சிலிர்த்துச்சு, ஆனா நம்ம ஃபார்வர்டுல ஒண்ணுலகூட இது வரல.

ஏற்காட்டுல எங்க மலையிலயும் இந்தக் கல்லு இருக்கான்னு பசங்க கேக்கறாங்க. இல்லீங்க, சேர்வராயன் மலை சார்னோகைட்னு வேற பாறை, மேல அலுமினியம் எடுக்கற பாக்சைட்டு. அது வேற வரலாறு.

லைன்மேடு கார்த்தி:

டீச்சர், கோடி நன்றி. பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டினேன், உடனே அடுத்த கேள்வி வந்துருச்சு. நிலாவுல உருகின கடல்ல மிதந்து வந்ததுன்னா, நாமக்கல்ல அதே கல்லு எப்படி வந்துச்சு? ரெண்டும் ஒண்ணேதானா?

கருப்பூர் மாணவன்:

பாப்பா சரியான இடத்துல கை வெச்சிருக்கா. ஒண்ணே இல்லண்ணா, இதை மேடையில கட்டாயம் சொல்லச் சொல்லுங்க. சித்தம்பூண்டி பாறை பூமிக்குள்ள ஆழத்துல உருவாகி, 250 கோடி வருஷம் வாக்குல கடுமையான சூடும் அழுத்தமும் பட்டு உருமாறினது. கையில எடுத்துப் பாத்தா சாம்பல் கலந்த வெள்ளையில கருப்புப் புள்ளியும் கோடுமா ஓடும், அந்தக் கருப்பு ஹார்ன்பிளெண்ட்னு ஒரு தாது. அது உருவாக தண்ணி வேணும். நிலாவோட அனார்த்தோசைட்ல அது இருக்காது. ஒத்துப்போறது எதுலன்னா, கால்சியம் ரொம்ப அதிகமா இருக்கற பிளேஜியோகிளேஸ். பூமியில கிடைக்கற அனார்த்தோசைட் நிறையதுல சோடியம் கூட இருக்கும், நம்ம பக்கத்துது கால்சியம் பக்கம் சாஞ்சது, நிலாக் கல்லுக்கு கிட்ட போறது. இஸ்ரோ இங்க வந்ததுக்கு காரணம் அதுதான்.

இன்னொண்ணு, நிஜ நிலா மண்ணுல பொடி எரிகல்லு மோதற சூட்டுல உருகி உறைஞ்ச கண்ணாடித் துகள் நிறைய கலந்திருக்கும், கிரஷர்ல அரைச்சா அது வராது. அதனால "அச்சு அசல் நிலா மண்ணு"ன்னு மட்டும் சொல்ல வேண்டாம். சக்கரம் ஓட்டி, கால் பதிச்சுப் பாக்கத் தேவையான அளவுக்கு ஒத்துப்போற மண்ணு, அவ்ளோதான். அந்த அளவுக்கு கொண்டு வர்றதே பெரிய வேலைதான்.

இரும்பாலை ரிட்டயர்டு:

எல்லாரும் கல்லையே பேசறீங்க, எங்க ஸ்டீலையும் பாப்பாவை ஒரு வரி சொல்லச் சொல்லுங்கப்பா. கிரையோஜெனிக் என்ஜின் பாகத்துக்கான ஸ்பெஷல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை சேலம் உருக்காலையும் இஸ்ரோவும் சேர்ந்துதான் உள்நாட்டுலயே உருவாக்கினாங்க, 2019ல சந்திரயான்-2 கிளம்புறப்ப அது பேப்பர்ல வந்துச்சு. அந்த என்ஜினுக்கு எரிபொருளா போற திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, சாதா இரும்பு அந்தக் குளிருக்கு ஓடு மாதிரி உடைஞ்சு போகும். தலைப்பு "சேலமும் சந்திரயானும்"னா இது இல்லாம முடியாது.

லைன்மேடு கார்த்தி:

ஐயா, அது எங்களுக்குத் தெரியவே தெரியாது, இப்பவே நோட்டுல ஏத்தியாச்சு. ஃபார்வர்டு எழுதின பக்கத்தை அவளே கிழிச்சுட்டா. பேச்சு முடிஞ்சதும் சித்தம்பூண்டிக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லி கேட்டிருக்கா. தம்பி, நீ கூட வந்து பாறையைக் காட்ட முடியுமா?

கருப்பூர் மாணவன்:

தாராளமா வர்றேண்ணா. ஞாயித்துக்கிழமை காலையில வெயிலுக்கு முன்னாடி போயிரலாம், கையில ஒரு லென்ஸ் கொண்டு வர்றேன், கருப்புத் தாதுவை அவளே பாக்கட்டும். சரவணண்ணா, நீங்களும் பசங்களோட வாங்க. அங்க காட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுடறேன், சுத்தியல் எடுத்துக்கிட்டு யாரும் வர வேண்டாம், வரப்புல உடைஞ்சு கிடக்கறதே போதும்.

ஏற்காடு ஜெயந்தி டீச்சர்:

என்னையும் சேர்த்துக்கோங்க, மலையில இருந்து முதல் பஸ்ஸுக்கே இறங்கி வந்துடறேன். சந்திரயான்-4க்கு 2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துட்டாங்க, அது நிலா மண்ணையே இங்க கொண்டு வரப்போற திட்டம். அது வர்ற காலத்துல இந்தப் பசங்க காலேஜ்ல இருப்பாங்க, அதை லேப்ல வெச்சு சித்தம்பூண்டி பவுடரோட ஒப்பிட்டுப் பாக்கற வேலைக்கு நம்ம ஊருப் புள்ளைங்க யாராச்சும் போகணும்னு எனக்கு ஆசை.