எல்எஃப்பி பேட்டரியில் ஒரு செல் மட்டும் தாழ்கிறது: மாட்யூலை மட்டும் மாற்றலாமா?

2021-இல் வாங்கிய, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி கொண்ட என் மின்சாரக் காரில், மூன்று வாரங்களாகச் சார்ஜ் அளவு 22 விழுக்காட்டிலிருந்து ஒரே நொடியில் 9-க்குச் சரிகிறது. நேற்று மேம்பாலம் ஏறும்போது திரையில், ஆற்றல் குறைக்கப்பட்டதைக் காட்டும் ஆமைக் குறி தோன்றி வேகமும் குறைந்துவிட்டது. இவ்வகைப் பேட்டரியில் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால் சார்ஜ் அளவின் கணிப்பு பிசகக்கூடும் என்றெண்ணி, அதைச் சரிசெய்ய வீட்டு ஏசி சார்ஜரில் மூன்று முறை 100 விழுக்காடு வரை ஏற்றி, இரவு முழுவதும் இணைப்பிலேயே விட்டுப் பார்த்தேன். மென்பொருளையும் புதுப்பித்தாயிற்று. பயனில்லை.

காரின் உள்தரவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியில் பார்த்தபோது, முழு சார்ஜில் செல்களுக்கிடையே 15 மில்லிவோல்ட் வேறுபாடுதான் இருந்தது. 20 விழுக்காட்டில் அதுவே 180-ஆக விரிகிறது, ஒவ்வொரு முறையும் 47-ஆம் செல்லே தாழ்ந்து நிற்கிறது. சேவை மையத்தினர் முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார்கள். ஒரு செல்லுக்காக நல்ல செல்கள் அனைத்தையும் கழிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்தச் செல் இருக்கும் மாட்யூலை (சில செல்கள் சேர்ந்த தொகுதியை) மட்டும் மாற்றினால், நான்காண்டுக்கு மேல் உழைத்த மற்ற செல்களோடு அது ஒத்துப்போகுமா?