கூடுதல் கருவிகளுக்கு மின்சாரம்: பேட்டரியிலிருந்து நேரடியாகவா, வண்டியின் ஒயரிங்கிலிருந்தா?

கரடுமுரடன்:
காட்டுப்பாதைகளில் ஓட்டும் என் வண்டியில் 100 வாட் எல்.இ.டி. விளக்குப் பட்டை ஒன்றும் சிறிய குளிர்பெட்டி ஒன்றும் பொருத்தப் போகிறேன். பேட்டரி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருப்பதால், இருக்கையையும் அதன் கீழுள்ள மூடியையும் கழற்றினால்தான் அதை எட்ட முடியும். ஆகவே, முகப்பு விளக்குக்குப் போகும் ஒயரிலேயே இரண்டையும் இணைத்துவிடலாமா?

செம்புக்கம்பி:
வேண்டாம் நண்பரே. 55 வாட் முகப்பு விளக்கு ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கிறது; 100 வாட் பட்டை 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் கேட்கும். இரண்டும் சேர்ந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துபோகும். அதன் பிறகு பலரும் செய்வது, அந்த இடத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவது. ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, ஒயரைத்தான். பெரிய ஃபியூஸைப் போட்ட பிறகு அந்த மெல்லிய ஒயர்தான் சூடேறி உருகும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, முனைக்கு வெகு அருகிலேயே முதன்மை ஃபியூஸ் வைத்து, தனி ஃபியூஸ் பெட்டி ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். எல்லாக் கருவிகளும் அங்கிருந்தே பிரியட்டும். இருக்கையைக் கழற்றுவது ஒருமுறை வேலைதான்.

இரவுப்பயணி:
முகப்பு விளக்கு ஒயரைத் தொடக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பேட்டரியில் நேரடியாகக் கட்டுங்கள் என்ற அறிவுரையை ஏற்க மாட்டேன். நான் அப்படித்தான் கட்டியிருந்தேன். சாவியை எடுத்த பிறகும் குளிர்பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது, விடியற்காலையில் ஸ்டார்ட்டர் ஒரு 'டக்' ஒலியோடு நின்றுவிட்டது, மீட்டரில் பார்த்தால் 11.4 வோல்ட். கணக்கும் எளிதுதான்: ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும் பெட்டி பாதி நேரம் ஓடினால்கூட 12 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி போய்விடும். 30 ஆம்பியர்-மணி பேட்டரியில் வண்டியைக் கிளப்ப என்ன மிஞ்சும்? சாவியோடு உயிர்பெறும் மின்சுற்று ஒன்றிலிருந்து, ஃபியூஸ் பெட்டியில் செருகும் இணைப்பியின் வழியாக எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

செம்புக்கம்பி:
உங்கள் பேட்டரியை வடித்தது நேரடி இணைப்பு அல்ல, இடையில் ரிலே, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், இல்லாததுதான். அதன் 30-ஆம் முனைக்குப் பேட்டரி, 87-க்குக் கருவி, 86-க்குச் சாவியிலிருந்து வரும் சமிக்ஞை, 85-க்கு எர்த் (நெகட்டிவ் பக்க இணைப்பு), அவ்வளவுதான். ரிலேயின் சுருள் இழுப்பது ஏறத்தாழ 0.15 ஆம்பியர் என்பதால், வண்டியின் சொந்த ஒயரிங்கிலிருந்து அந்தச் சிறு சமிக்ஞையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

ஒயரின் மேல்தோலைக் குத்திக் கவ்வும் அந்த இணைப்பிகளை மட்டும் தயவுசெய்து யாரும் பயன்படுத்தாதீர்கள். ஓடை கடந்து பழகிய வண்டி ஒன்றில் அப்படி ஓர் இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன்: தகடு பாதி இழைகளை வெட்டியிருந்தது, மீதி இழைகள் பச்சைப் பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. வெளியே பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. ஒயர் நுனியில் சரியான லக்கை (உலோக முனையை) கிரிம்ப் செய்து, அதாவது இறுக அழுத்திக் கவ்வவைத்து, பசையுள்ள வெப்பச்சுருக்கக் குழாயால் மூடினால்தான் தண்ணீர் உள்ளே போகாது. குலுங்கும் வண்டியில் ஈயப்பற்றையும் நான் நம்புவதில்லை. ஈயம் ஏறி விறைத்த இடத்துக்கு அடுத்தாற்போல் இழைகள் முறிகின்றன.

இரவுப்பயணி:
ரிலே பற்றிச் சொன்னது சரிதான், அந்த அளவில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு இடங்களில் உடன்பட முடியவில்லை. புதிய வண்டிகள் சிலவற்றில் முகப்பு விளக்குக்கு மின்சாரம் துடிப்புத் துடிப்பாகவே போகிறது. அங்கிருந்து சமிக்ஞை எடுத்தால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். அதோடு, நெகட்டிவ் முனையில் மின்னோட்ட உணரி இருக்கும் வண்டிகளில் கருவியின் எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால், அது இழுக்கும் மின்சாரம் உணரியின் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று வண்டி தவறாக எண்ணிக்கொள்ளும். பெயிண்ட்டைச் சுரண்டிய சட்டத்தில்தான் எர்த் கட்ட வேண்டும்.

கேமரா, கைப்பேசி மின்னேற்றி போன்ற 2, 3 ஆம்பியர் கருவிகளுக்காகப் பேட்டரி வரை போவது தேவையற்றது என்பதையும் சொல்கிறேன். ஒவ்வொரு புதிய ஒயரும் தகட்டுத் துளை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ரப்பர் வளையம் இல்லாத ஒரே ஒரு துளை போதும், தகட்டின் விளிம்பு உரசி உரசித் தோலை அறுத்துவிடும்.

செம்புக்கம்பி:
எர்த் பற்றி நீங்கள் சொன்னதை நான் முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். சிறு கருவிகளைப் பற்றிய என் நிலை மாறவில்லை: இன்று 3 ஆம்பியர் என்று தொடங்கும் இணைப்பில்தான் நாளை காற்றடிக்கும் கருவியும் வந்து சேர்கிறது.

கரடுமுரடன்:
இருக்கையைக் கழற்றவே முடிவு செய்துவிட்டேன். விளக்குக்கு ரிலே, சமிக்ஞை சாவிச் சுற்றிலிருந்து. இரவில் குளிர்பெட்டியை ஓட்ட இரண்டாவது பேட்டரி வாங்கும் வரை, அதுவும் சாவியோடு நிற்கட்டும். கழற்றும்போது எந்த முனையை முதலில் எடுக்க வேண்டும்?

இரவுப்பயணி:
நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவில் இருக்கும் ஸ்பானர் இருக்கைச் சட்டத்தில் பட்டாலும் அப்போது தீப்பொறி எழாது. இதில் செம்புக்கம்பி அவர்களும் என்னோடு உடன்படுவார்.

செம்புக்கம்பி:
முழுமையாக உடன்படுகிறேன். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருந்தால் அவை காற்றுப்பைக்கு உரியவை. அவற்றை மட்டும் தொடாதீர்கள்.