ராட்கோ டிமித்ரியெவைத் துரோகி என்று சொல்லலாமா?

வெள்ளவத்தையான்:
எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் 1912–13 பால்கன் போர்கள்: பல்கேரியாவும் அயல்நாடுகளும் முதலில் துருக்கியோடும், பிறகு தங்களுக்குள்ளும் மோதியவை. பேச்சு ராட்கோ டிமித்ரியெவ் என்ற பல்கேரிய ஜெனரலிடம் வந்து நின்றுவிட்டது. 1912 ஒக்டோபரில் பல்கேரிய மூன்றாம் படையோடு போய், துருக்கியர் வசமிருந்த கிர்க் கிலிசே நகர வெற்றியில் பங்கெடுத்தவர், உடனே லூலே புர்காஸிலும் துருக்கியரைப் பின்வாங்க வைத்தவர். பிறகு ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் பல்கேரியத் தூதர். 1914-இல் உலகப்போர் தொடங்கியதும் தூதர் பதவியை விட்டுவிட்டு ரஷ்யப் படையில் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடம் பல்கேரியா ஜேர்மனியின் பக்கம் போனது. "எதிரிப் படையின் சீருடையைப் போட்டவன் துரோகிதான்" என்கிறார் வட்டத்தில் மூத்தவரான எங்கள் மாமா. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தப் பட்டம் ஒருவர் மேல் விழுந்தால் அவருடைய பிள்ளைகள்வரை என்ன பாடு படுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி:
திகதிகளைப் பாருங்கள் தம்பி. 1914 ஓகஸ்டில் பல்கேரியா நடுநிலை நாடு. அது போரில் இறங்கியது 1915 ஒக்டோபரில். அவர் ரஷ்யாவுக்குப் போனபோது அது எதிரி நாடே இல்லை.

தெஹிவளை ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தங்கச்சி சொன்னது சரி, ஆனால் கதை அதற்கு முந்தியே தொடங்குகிறது. 1886-இல் பல்கேரியாவை ஆண்ட இளவரசர் அலெக்சாண்டரைக் கவிழ்த்த சதியில் இந்த மனிதரும் ஓர் ஆள். அது குலைந்ததும் நாட்டை விட்டு ஓடி, ரஷ்யப் படையிலேயே பல வருடம் சேவை செய்தார். 1898-இல்தான் திரும்பி வந்தார். பல்கேரியா துருக்கியரிடமிருந்து விடுபட்டது 1877–78 போரில், ரஷ்யப் படையின் உதவியோடு. அதை நேரில் பார்த்த தலைமுறை இது. ரஷ்யாவின் பக்கம் நிற்பதுதான் நாட்டுக்கு நல்லது என்று அவர் கடைசிவரை நம்பினார். அரசரும் பிரதமரும் வேறு பக்கம் போனார்கள் என்பதற்காக அந்த நம்பிக்கை துரோகமாகிவிடாது.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். அவருடைய படை மோதியது ஒஸ்திரியரோடும் ஜேர்மானியரோடும். பிற்பாடு ரீகா பக்கம் 12-ஆம் படையை நடத்தினார். 1916-இல் ருமேனியா–பல்கேரியா எல்லைப் பக்கமான டோப்ரூஜாவில் பல்கேரியரை எதிர்த்த ரஷ்யப் பிரிவுகளுக்குத் தளபதி வேறொருவர்.

அவருடைய முடிவையும் நினைத்துப் பாருங்கள். 1918 ஒக்டோபரில் பியாதிகோர்ஸ்கில் போல்ஷெவிக்குகள் பணயக் கைதிகளாக வைத்திருந்தவர்களைக் கொன்றார்கள். அதில் இவரும் ரஷ்ய ஜெனரல் ரூஸ்கியும் இருந்தார்கள். எந்த ரஷ்யாவை நம்பிப் போனாரோ, அந்த மண்ணிலேயே. எனக்கு இது மனசைப் பிசைகிறது.

வெள்ளவத்தையான்:
ஐயா, மிக்க நன்றி. டோப்ரூஜா விஷயம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்போ, தளபதியாக அவர் கெட்டிக்காரர்தானே?

மருதானைப் பெடியன்:
அங்கேதான் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். துரோகி இல்லை, சரி. ஆனால் அவருடைய அவசரத்துக்கு விலை கொடுத்தது சாதாரணச் சிப்பாய்கள். லூலே புர்காஸுக்குப் பிறகு படை களைத்துப் போயிருந்தது, கொலராவும் பரவியிருந்தது. துருக்கியர் போர்நிறுத்தம் கேட்டிருந்தார்கள். அப்படியும் 1912 நவம்பர் 17, 18-இல், துருக்கித் தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிளைக் காத்த சதால்ஜா அரண்களில் போய் முட்டினார்கள். கொன்ஸ்தாந்திநோபிளுக்குள் நுழையும் ஆசை மன்னர் பெர்டினாந்துக்கு. டிமித்ரியெவும் தாக்குதலுக்குத் துடித்தார். பல்கேரியப் படைத் தலைமையகப் பிரதானி (Chief of Staff) இவான் பிசெவ் தயங்கினார், அவர் சொல் எடுபடவில்லை. செத்தவர்களும் காயப்பட்டவர்களுமாகப் பத்தாயிரத்துக்கு மேல்.

1915 மே மாதம் போலந்துப் பக்கம் கோர்லிட்செயில் ஜேர்மன் ஜெனரல் மக்கென்சனின் பீரங்கிகள் முழங்கியபோது சிதறியதும் இவருடைய ரஷ்ய மூன்றாம் படைதான். குண்டுத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் பின்னால் உறுதியான இரண்டாவது அகழி வரிசை இல்லாததற்குத் தளபதிதான் பொறுப்பு.

என்னைக் கேட்டால், வாசகர் வட்டம் பேசவேண்டிய ஆள் பிசெவ். இரண்டாம் பால்கன் போரை, அதாவது 1913 ஜூனில், அதுவரை கூட்டாளிகளாக இருந்த சேர்பியாவையும் கிரேக்கத்தையும் பல்கேரியா ஒரே நேரத்தில் தாக்கியதை, அவர் விரும்பவில்லை. படைத் தளபதி சாவோவ் கட்டளையிட்டார். ருமேனியாவும் துருக்கியும் கூடப் புகுந்தன. இவ்வளவு இரத்தம் சிந்தி மார்ச்சில் துருக்கியரிடமிருந்து பிடித்த எடிர்னே நகரமும் ஜூலையில் கைவிட்டுப் போனது. பிறகு போர் அமைச்சரான பிசெவ் 1915 ஓகஸ்டில் பதவியை இழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் ஜெனரல் ஜெகோவ். ஒக்டோபரில் பல்கேரியா மறுபடியும் போருக்குள் இறங்கிவிட்டது.