குற்றப்புனைவு நாவலின் திரை உரிமை யாரிடம் உள்ளது?

கேள்வி:
எனது குற்றப்புனைவு நாவலின் திரைப்பட உரிமையை 2022 மார்ச்சில் ஒரு தயாரிப்பாளருக்கு எழுத்துமூலம் வழங்கி முன்பணம் பெற்றேன். ஒப்பந்தத்தில் கால அளவு இல்லை, படமும் தொடங்கப்படவில்லை. இப்போது அவர் அறிவித்துள்ள இணையத் தொடரில், பெயர்கள் மட்டும் மாறி, என் நாவலின் கொலையும் விசாரணையும் அப்படியே வருவதாகத் திரைக்கதையைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். கேட்டால், "உரிமை என்னிடம்தான் உள்ளது, தவிர, இது வேறு கதை" என்கிறார். நான் எந்த அடிப்படையில் வாதாடுவது?

மறுமொழி 1:
வேறு கதை என்றால் உங்கள் நாவலின் உரிமை அவருக்கு எதற்கு? அது இருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆவது பிரிவின்படி, கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். அவர் தரப்பு இதை மட்டுமே எடுத்துக்காட்டும். அதே பிரிவின் நான்காம் உட்பிரிவோ, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாத வரையில், அது காலாவதியாகிவிடும் என்கிறது. திரைக்கதை எழுதியதே பயன்பாடுதான் என்று அவர் சொல்லக்கூடும் என்பதால், அந்த ஓராண்டுக் கடிதங்களைத் தேடி எடுத்துவையுங்கள். 'திரைப்படம்' என்பதில் தொடர் அடங்காது என்றும் வாதிடலாம், ஆனால் சட்டத்தின் வரையறை அகலமானது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மறுமொழி 2:
"வேறு கதை" என்ற பதிலைத்தான் எதிர்கொள்வது கடினம். கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படுத்தப்பட்ட விதத்துக்கே உண்டு என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பூட்டிய அறையில் பிணம், தானே குற்றவாளியான காவலர் ஆகியவை யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் எந்தத் தடயம் எப்போது வாசகரின் கண்ணில் படுகிறது, எந்தப் பொய்ச் சாட்சியம் எதுவரை அவரைத் திசைதிருப்புகிறது, யார்மீதான சந்தேகம் எந்த உரையாடலில் உடைகிறது என்னும் அடுக்குமுறை உங்களுடையது. திரைக்கதை கிடைத்ததும் (நீதிமன்றத்தின் வழியாகக் கேட்டுப் பெறலாம்) இந்த வரிசையிலேயே இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை தயாரியுங்கள். கதைக்குப் பயன்படாத ஒரு சிறு விவரம், அல்லது உங்கள் நாவலில் உள்ள ஒரு பிழை, அங்கும் இருந்தால் அதன் மதிப்பு மிகப் பெரிது. நாவலைப் படித்ததில்லை என்று அவரால் கூற இயலாது, ஒப்பந்தமே சாட்சி.

மறுமொழி 3:
தொடர் வெளியான பிறகு இடைக்காலத் தடை பெறுவது கடினம்; தெரிந்தும் தாமதித்தீர்கள் என்பார்கள். வழக்கறிஞர் அறிவிப்பைத் தயாரிப்பாளருக்கு மட்டுமன்றி, தொடரை வாங்கவிருக்கும் ஓடிடி நிறுவனத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். கதை உரிமை ஆவணங்களில் சிக்கல் இருப்பதை அவர்கள் விரும்புவதில்லை. பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லை என்றாலும் தயங்க வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. முன்பணத்தைத் திருப்பித் தரும் எண்ணம் இருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.